பதார்த்தங்கள்

பதார்த்தங்கள்: உலகில் உள்ளவை அனைத்தையும், அவற்றைப் பற்றி நாம் கூறக்கூடியவை அனைத்தையும் தம்முள் அடக்கி நிற்கும் மிகப் பொதுவான வகைகளுக்குத் தத்துவ சாஸ்திரத்தில் வழங்கும் பெயர். மரத்தில் ஒரு மாம்பழத்தைக் காண்பவன் பழத்தைப் பொருள் என்றும், அதன் மஞ்சள் நிறத்தைக் குணம் என்றும், அது கிளையினின்று வீழ்தலைச் செயல் என்றும் பிரித்தறிகிறான். இப்பிரிவினை பழத்திலேயே அமைந்ததா, அன்றிக் காண்பவனுடைய மனம் வகுத்துக்கொண்டதா என்னும் வினா, கிரேக்கத்திலும் பாரதத்திலும் எழுந்து, இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேலாகத் தத்துவத்தோடு மொழியியல், சமூகவியல், விஞ்ஞானம், ஆட்சிமுறை ஆகியவற்றையும் தொட்டு வந்திருக்கிறது. வகைகள் இன்றேல் அறிவு தொடங்குவதே இல்லை. வகைகளையே முடிந்த உண்மையெனக் கொண்டுவிட்டால் அறிவு வளர்வதும் இல்லை.

கிரேக்க மரபு

அரிஸ்டாட்டில் (கி.மு. 384-322) பதார்த்தங்களைப் பற்றி இயற்றிய சிறு நூலில் பொருள், அளவு, குணம், உறவு, இடம், காலம், கிடக்கை, உடைமை, செய்கை, செயப்படுதல் எனப் பத்து வகைகளைக் கூறினார். இவற்றுள் பொருளே தலையாயது. மற்ற ஒன்பதும் பொருளைச் சார்ந்தன்றி நிற்கமாட்டா. பொருளிலும் இம்மனிதன், இக்குதிரை என்று சுட்டத்தக்க தனிப்பொருளை முதற்பொருள் என்றும், மனிதன், விலங்கு என்னும் இனங்களை இரண்டாம் பொருள் என்றும் அவர் பிரித்தார். கி.பி. 3-ஆம் நூற்றாண்டில் இந்நூலுக்கு முன்னுரைபோல் ஒரு நூல் செய்த போர்பிரி, இனங்கள் தாமாகவே உள்ளனவா, எண்ணத்தில் மட்டும் உள்ளனவா என்று வினவி, விடை கூறாது நிறுத்தினார். அவ்வினா போயீதியஸ் என்பாருடைய லத்தீன் மொழிபெயர்ப்பின் வழியாக ஐரோப்பாவை அடைந்து, அபேலார் (1079-1142) முதலியோரிடையே பெருவாதமாக வளர்ந்தது. உலகில் உள்ளவை தனிப்பொருள்களே, பொதுமை என்பது மனத்திலும் சொல்லிலும் மட்டுமே உள்ளது என்று 14-ஆம் நூற்றாண்டில் ஆக்கம் ஊர் வில்லியம் வாதித்தார்.

இந்திய மரபு

பாரத நாட்டில் இவ்விசாரணைக்கு உரிய தரிசனம் கணாதர் பெயரால் வழங்கும் வைசேஷிகம். திரவியம், குணம், கருமம், சாமானியம் (பொதுமை), விசேஷம் (தனிமை), சமவாயம் (பிரியா உறவு) என்னும் ஆறு பதார்த்தங்களைப் பிரசஸ்தபாதர் விரித்து விளக்கினார். நிலம், நீர், தீ, வளி, ஆகாயம், காலம், திசை, ஆன்மா, மனம் எனத் திரவியம் ஒன்பது, குணம் 24, கருமம் ஐந்து. இல்லாமையும் அறியப்படுவதே ஆகலின் அபாவம் பின்னர் ஏழாவது பதார்த்தமாகச் சேர்க்கப்பட்டது. இவையாவும் அறிவோன் உளனாயினும் இலனாயினும் உலகில் உள்ளவை என்பது இம்மரபின் உறுதி. ஆயிரம் பசுக்களிலும் பசுத்தன்மை என்னும் சாமானியம் ஒன்றாய், நித்தியமாய், சமவாய சம்பந்தத்தால் உறைகின்றது; ஆதலின் 'பசு' என்னும் ஒரு சொல் அனைத்திற்கும் பொருந்துகிறது என்பர்.

இக்கொள்கையை எதிர்த்தவர்களுள் முதன்மையானவர், காஞ்சிக்கு அண்மையில் தோன்றியவர் என்று திபெத்திய மரபு கூறும் பௌத்த ஆசிரியர் திக்நாகர் (சுமார் கி.பி. 480-540). மெய்யாக உள்ளவை கணந்தோறும் தோன்றி மறையும் தனித்தன்மைகளே. பெயர், சாதி, குணம், கிரியை, திரவியம் என்பன மனம் ஏற்றும் கற்பனைகளே. அக்கற்பனை கலவாத அறிவே பிரத்தியட்சம் என்றார் அவர். பசு என்னும் சொல் எல்லாப் பசுக்களுக்கும் பொதுவான ஒரு தன்மையைக் காட்டுவதன்று. பசு அல்லாதவற்றை விலக்குவதே அதன் தொழில் என்னும் அபோகவாதமும் அவருடையதே. நியாய ஆசிரியர் உத்தியோதகரர், மீமாம்சகர் குமாரிலர் ஆகியோர் இதனை மறுக்க, பௌத்தரான தர்மகீர்த்தி நிலைநாட்ட, வாதம் பல நூற்றாண்டுகள் நீண்டது. வைசேஷிகத்தோடு இணைந்த நியாய மரபினுள்ளேயும் திருத்தம் நிகழாமல் இல்லை: 16-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வங்காளத்து ரகுநாத சிரோமணி, முன்னோர் வகுத்த விசேஷத்தை ஒரு தனிப் பதார்த்தமாகக் கொள்ள வேண்டுவதில்லை என்று தள்ளினார். குருமரபைப் போற்றிய ஒரு சாஸ்திரத்துக்குள்ளிருந்தே இத்தகைய மறுப்பு எழுந்தமை வியந்து போற்றத்தக்கது.

தமிழ் நூல்களில்

தொல்காப்பியத்தின் மரபியல், உயிர்களைப் புலனறிவின் எண்ணிக்கை கொண்டு ஓரறிவு முதல் ஆறறிவு ஈறாக வகுக்கிறது; புல்லும் மரமும் முதல் வரிசையிலும், மனிதர் இறுதி வரிசையிலும் நிற்கின்றனர். மணிமேகலையின் சமயக்கணக்கர்தம் திறம் கேட்ட காதையில் வைசேடிகவாதி தன் பதார்த்தங்கள் ஆறினையும் எடுத்துரைக்கிறான். அக்காப்பியத்தின் பிற்பகுதியில் பௌத்தத் துறவி அறவண அடிகள் உரைக்கும் அளவை இலக்கணமோ, பிரத்தியட்சம், அனுமானம் என்னும் இரண்டையே ஏற்றுத் திக்நாகருடைய மரபோடு இசைகிறது. 18-ஆம் நூற்றாண்டில் சிவஞான முனிவர் அன்னம்பட்டருடைய தர்க்கசங்கிரகத்தைத் தமிழாக்கியதனால், தமிழ் மட்டும் பயின்றோரும் ஏழு பதார்த்தங்களை முறையாகக் கற்க வழி பிறந்தது.

காண்ட் செய்த மாற்றம்

ஒன்றன்பின் ஒன்று நிகழ்வதையே நாம் காண்கிறோம், ஒன்று மற்றொன்றை விளைவிப்பதைக் காண்பதில்லை. காரணகாரியம் என்பது பழக்கத்தால் மனத்தில் எழும் எதிர்பார்ப்பு என்று டேவிட் ஹியூம் (1711-1776) வாதித்தார். இதனால் விஞ்ஞானத்தின் அடித்தளமே அசைவதை உணர்ந்த இம்மானுவேல் காண்ட் (1724-1804), 1781-இல் வெளியிட்ட 'தூய அறிவின் விமரிசனம்' என்னும் நூலில், அறிவு பொருளுக்கு இணங்குகிறது என்பதினும், நம் அநுபவத்துக்கு வரும் பொருள் அறிவின் அமைப்புக்கு இணங்குகிறது என்று கொள்வதே தகும் என்றார். அளவு, குணம், உறவு, நிலை என்னும் நான்கு தலைப்புகளில் மும்மூன்றாக அவர் கூறிய 12 பதார்த்தங்கள், அநுபவத்திலிருந்து பெறப்பட்டவை அல்ல; அநுபவம் கூடுவதற்கே அவை வேண்டும். அதனாலேயே பொருள் தன்னளவில் எத்தகையது என்பது மனித அறிவுக்கு எட்டாததாகவும் ஆயிற்று.

மொழியும் சமூகமும்

காண்டின் பதார்த்தங்கள் மனிதர் அனைவர்க்கும் ஒன்றே. சமூகத்துக்குச் சமூகம் அவை வேறுபடக்கூடும் என்னும் எண்ணத்துக்கு வழிகோலியவர்கள், 1903-இல் பிரெஞ்சு மொழியில் ஆய்வுரை வெளியிட்ட எமில் துர்க்கைமும் மார்செல் மோசும் ஆவர். மக்கள் தம்மைக் குலங்களாகப் பிரித்துக்கொண்ட முறையே இயற்கையை அவர்கள் பிரித்த முறைக்கு முன்மாதிரி என்பது அவர்களுடைய கருத்து. அமெரிக்கரான பெஞ்சமின் லீ வோர்ஃப் (1897-1941) தீக்காப்பீட்டு நிறுவனமொன்றில் ஆய்வாளராக இருந்தபோது, நிறைந்த பெட்ரோல் பீப்பாய்களின் அருகே எச்சரிக்கையாய் இருந்த தொழிலாளர், 'காலி' எனப்பட்டவற்றின் அருகே கவலையின்றிப் புகைபிடித்ததைச் சுட்டினார். காலிப் பீப்பாயில் தங்கும் ஆவியோ மிகுந்த அபாயம் உடையது; 'காலி' என்னும் சொல்லே அவர்களை ஏமாற்றியது என்பது அவர் கருத்து. மொழி எண்ணத்தைச் சிறைப்படுத்துகிறது என்று இதனை மிகைப்படுத்தியோரும் உண்டு. ஆயினும் 1969-இல் பெர்லின், கே என்னும் இருவர், நிறப்பெயர்கள் மொழிதோறும் எண்ணிக்கையில் வேறுபட்டாலும் ஓர் ஒழுங்கிலேயே பெருகுகின்றன என்று காட்டினர். அடிப்படை நிறப்பெயர் இரண்டே உடைய நியூகினியின் டானி மக்களும் சில நிறங்களை மற்றவற்றினும் நன்கு நினைவிற் கொள்வதை எலினோர் ராஷ் கண்டார். பிற்கால ஆய்வுகள் மொழியின் செல்வாக்கும் ஓரளவு உண்டென உணர்த்துகின்றன.

இயற்கை விஞ்ஞானம்

வகை கண்ணை எவ்வளவு ஆள்கிறது என்பதற்கு யுரேனஸ் கிரகத்தின் வரலாறு தக்க சான்று. 1690-இல் வானியலார் பிளாம்ஸ்டீட் அதனைக் கண்டும் நட்சத்திரமென்றே பதிந்தார். லெமோனியே பலமுறை கண்டும் கிரகமென உணர்ந்தாரில்லை. சனிக்கு அப்பால் கிரகம் உண்டென்ற எண்ணம் அக்காலத்தில் அரிதாகவே இருந்தது. காண்டின் நூல் வெளிவந்த அதே 1781-இல் அதனைக் கண்ட ஹெர்ஷலும் முதலில் வால்நட்சத்திரம் என்றே கருதினார். பாதையைக் கணித்த பின்னரே உண்மை புலனாயிற்று. இவ்வாறே, முன்பு மீன் இனத்தில் வைக்கப்பட்ட திமிங்கிலத்தை உயிரியலார் லின்னேயஸ் 1758-இல் பாலூட்டிகளோடு சேர்த்தார். கிரகமென எண்ணப்பட்ட புளூட்டோ 2006-இல் குறுங்கோளாயிற்று. இவ்வாறு தன் வகைகளைத் தானே மாற்றிக்கொள்ளும் துணிவே விஞ்ஞானத்தின் வலிமை.

மனிதரை வகுத்தல்

வானத்துப் பொருளைத் தவறாக வகுத்தால் அப்பொருளுக்குத் தீங்கில்லை; மனிதரை அவ்வாறு வகுத்தால் அவ்வகையே அவர்கள் வாழ்வை வகுத்துவிடும். ஆங்கிலேய அரசு 1871-இல் இயற்றி, 1911-இல் சென்னை மாகாணத்துக்கும் பொருந்துமாறு விரித்த குற்றப் பரம்பரைச் சட்டம், குற்றத்தை ஒருவன் செயலாகக் கொள்ளாமல் பிறப்பின் குணமாகக் கொண்டது. பட்டியலில் சேர்க்கப்பட்ட சமூகத்தார் கைரேகை பதிவு செய்யவும், நடமாட்டத்துக்குக் கணக்குச் சொல்லவும் நேர்ந்தது. குழந்தைகளைப் பெற்றோரிடமிருந்து பிரிக்கவும் சட்டம் இடந்தந்தது. இப்பதிவை எதிர்த்த பிறமலைக் கள்ளர் மீது மதுரைப் பகுதியின் பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3-ஆம் நாள் நிகழ்ந்த துப்பாக்கிச் சூட்டில் பலர் மாண்டனர். சென்னை மாகாணத்தில் 1947-இலும், நாடு முழுவதும் 1952-இலும் சட்டம் நீங்கிற்று. பட்டியலில் இருந்தோர் இன்று சீர்மரபினர் என்னும் பிரிவில் அரசின் சலுகை பெறுகின்றனர். ஒரு வகையை ஏட்டிலிருந்து அடித்துவிடுதல் எளிது. அது தலைமுறைகளின்மேல் ஏற்றிய இழிவை நீக்க அரசும் சமூகமும் நெடுங்காலம் உழைக்க வேண்டியிருக்கிறது. ஆதலின் மனிதரை வகுக்கும் எவரும், வகுக்கப்படுவோர் அதனை மறுத்துரைக்கும் உரிமையை முதலில் ஏற்றுக்கொள்ளுதல் கடமையாகும்.