தாராவிக் கழிக்கரை மரங்களும் மனிதத் தலையீடும்

முன்னுரை

தொல்காப்பியம் கருப்பொருள்களைத் தொகுத்துரைக்கும் நூற்பாவில் மரத்தையும், செய்தி எனப்படும் தொழிலையும் ஒருங்கே வைக்கின்றது. ஒரு நிலத்தின் மரம் அழியின் அந்நிலத்து மக்களின் தொழிலும் நிலைபெயரும் என இதனை விரித்துக் காணலாம். தமிழர் மிகுதியாக வாழும் மும்பைத் தாராவியின் கழிக்கரையை இந்நோக்கில் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கண்டலும் கோளியரும்

விகார், பவாய் ஏரிகளின் உபரிநீரைப் பெறும் மித்தி ஆறு, சுமார் 18 கி.மீ. ஓடித் தாராவியை ஒட்டி மாகிம் கழியில் கலக்கின்றது. இது கண்டல் வளரும் நெய்தல் நிலம். 1909ஆம் ஆண்டுப் பம்பாய் கெசட்டியர், கோளி மீனவர்தம் பெருங்குடியிருப்புகள் ஆறனுள் ஒன்றாகத் தாராவியைக் குறிப்பிடுகின்றது. கண்டல் வேர்களிடையே மீன்குஞ்சும் இறாலும் வளர்தலின், அம்மரமே அவர்தம் தொழிலுக்கு அடிப்படையாயிற்று.

தலையீடுகளின் காலவரிசை

கரை சிதைந்தமைக்குக் குடிசைவாழ் மக்களே காரணர் என்னும் கருத்துப் பரவலாக உள்ளது. காலவரிசை அதற்கு அரண் செய்யவில்லை. 1845இல் மாகிம் தரைப்பாலச் சாலை கழிமுகத்தைக் குறுக்கியது. 1860இல் மித்தியின் குறுக்கே எழுந்த விகார் அணை நன்னீர் வரத்தைக் குறைத்தது. நெல்லைத் தமிழர் தோல் பதனிடும் தொழிலின்பொருட்டு இங்குக் குடியேறியது 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலாகும். தோல் பதனிடும் கழிவு நீரை மாசுபடுத்தியதை மறுத்தற்கில்லை. எனினும், 1977 முதல் ஆற்றின் இருமருங்கிலும் சுமார் 370 எக்டேர் தாழ்நிலத்தில் பாந்திரா-குர்லா வளாகம் திட்டமிடப்பட்டு மேடாக்கப்பட்டது குடியேறியோர் செயலன்று. 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூசில் 944 மி.மீ. மழை பெய்தபோது, பரவ இடமின்றி ஆறு ஊருக்குள் புகுந்தது.

மரமும் திணையும்

மாகிம் கழியில் இன்று மேலோங்கி நிற்பது, உவர்ப்பையும் மாசையும் தாங்கவல்ல வெண்கண்டலாகும். பசுமை தோன்றினும் மரவகை குறைவு. அருகே குப்பைமேட்டின்மேல் 37 ஏக்கரில் உருவாகி 1994இல் திறக்கப்பட்ட மகாராஷ்டிர இயற்கைப் பூங்கா பாராட்டத்தக்க முயற்சி. ஆயினும் அங்கு நடப்பட்டவை பெரும்பாலும் மேட்டுநில மரங்கள். இழந்த நெய்தலுக்கு அவை ஈடாகா.

முடிவுரை

மரங்களை எண்ணுதல் மட்டும் ஆற்றங்கரையை அளக்கும் முறையன்று; எந்நிலத்து மரம், எவர்தம் தொழிலைத் தாங்கியது என்பனவும் கருதற்பாலன. கண்டல் அழிப்பிற்கு மும்பை உயர்நீதிமன்றம் 2005இலும் 2018இலும் விதித்த தடை, எஞ்சிய மரங்களைக் காக்கும். கரையழிவின் பழியை எளியோர்மீது மட்டும் சுமத்தாத வரலாற்றை எழுதுதல் ஆய்வாளர் கடனாகும்.