படுதல்

“தீட்டு இல்லைங்க டாக்டர், லேசா படுது.” மகளிர் மருத்துவரிடம் நம் ஊர்ப் பெண்கள் இப்படித்தான் சொல்கிறார்கள். உள்பாவாடையில் உளுந்தளவு பழுப்புக் கறை. அதற்கு மேல் இல்லை. 'ஸ்பாட்டிங்' என்று மருத்துவர் எழுதிக்கொள்வது இதைத்தான்.

படு என்றால் மேலே தொடுவது: கண் பட்டது, காற்றுப் பட்டது. தீட்டும் 'தீண்டு' என்ற வினையிலிருந்து வந்ததே. திரும்பு திருப்பு ஆவதுபோல் மெல்லெழுத்து வல்லெழுத்தானது. இரண்டுக்கும் பொருள் தொடுதல்தான். ஒன்றில் மட்டும் விலக்கம் ஏறிக்கொண்டது. எனக்குப் பிடித்தது விலக்கம் ஏறாத சொல்.

படு நீண்டால் பாடு. அளவு மீறிய உதிரப்போக்கைப் 'பெரும்பாடு' என்றது தமிழ் மருத்துவம். விவிலியத் தமிழிலும் அச்சொல் உண்டு.

படுவதற்குக் காரணம் பல. அடுத்த மாதவிடாய்க்கு ஏறக்குறைய 14 நாள் முன்பு, கருமுட்டை வெளியாகும்போது ஈஸ்ட்ரோஜன் சற்று இறங்குவதால் சிலருக்குப் படும். கருத்தடை மாத்திரை தொடங்கிய முதல் மாதங்களிலும், மாத்திரையை மறந்த நாளிலும் படலாம். கருப்பை வாயில் தொற்றோ சதை வளர்ச்சியோ இருக்கலாம். பழுப்பு நிறத்துக்கு அஞ்ச வேண்டாம், அது மெதுவாக வெளியேறிய பழைய ரத்தம். ஆனால் உடலுறவுக்குப் பின் பட்டாலும், கர்ப்பத்தில் பட்டாலும், மாதவிடாய் நின்ற பிறகு ஒரு சொட்டே பட்டாலும் மருத்துவரிடம் போய்விடுங்கள். “லேசா படுது” என்ற அதே சொற்களே அங்கே போதும்.