பாரிட் சூலோங்கில் பிறந்த பதக்கம்

ஆஸ்திரேலியத் தலைநகர் கான்பெராவின் போர் நினைவகத்தில் கருஞ்சிவப்பு நாடா கோத்த வெண்கலச் சிலுவை ஒன்று இருக்கிறது. அது விக்டோரியா சிலுவை. அதை ஈட்டித் தந்த மண் நம் ஜொகூர். ரெங்கத்துக்கு மேற்கே, பாரிட் சூலோங் பாலத்தடியில் அதன் கதை தொடங்குகிறது.

விக்டோரியா மகாராணி 1856இல் ஏற்படுத்திய விருது இது. போரில் கைப்பற்றிய பழைய பீரங்கிகளின் வெண்கலத்தை உருக்கி, லண்டன் ஹான்காக்ஸ் நகைக்கடையில் வார்க்கிறார்கள். பொன்னோ வெள்ளியோ அதில் இல்லை.

1942 ஜனவரியில் ஜப்பானியப் படை மூவார் ஆற்றைக் கடந்தது. அதைத் தடுக்க நின்ற 45ஆம் இந்தியப் படைப்பிரிவில் ராஜபுதனம், ஜாட், கர்வால் பட்டாளங்களின் இளைஞர்கள் இருந்தார்கள். பலருக்குப் பயிற்சிகூட முடியவில்லை. அதன் தளபதி பிரிகேடியர் டங்கன் இறந்ததும், துணைக்கு வந்த ஆஸ்திரேலியப் படையின் லெப்டினன்ட் கர்னல் சார்ல்ஸ் ஆண்டர்சன் தலைமை ஏற்றார். பாக்ரியிலிருந்து சதுப்பு நிலத்தின் நடுவே போகும் சாலையில், எதிரியின் தடைகளை ஒவ்வொன்றாக உடைத்துப் படையை நகர்த்தினார். ஒரு தாக்குதலில் தாமே முன்னே போய், கையெறி குண்டுகளால் இரண்டு இயந்திரத் துப்பாக்கி நிலைகளை அடக்கினார்.

ஆனால் பாரிட் சூலோங் பாலம் எதிரி கையில் இருந்தது. ஜனவரி 22 காலையில், நடக்க முடிந்தவர்களைச் சதுப்புக்குள் சிறுசிறு குழுவாகத் தப்பிப் போகச் சொன்னார். சுமார் 900 பேர் மீண்டார்கள். விட்டுவர நேர்ந்த காயம்பட்டவர்களில், சுமார் 110 ஆஸ்திரேலியரும் 40 இந்தியரும் அங்கேயே கொல்லப்பட்டார்கள்.

போர் அங்கே நிற்கவில்லை. ரயில் பாதையை ஒட்டி ரெங்கம் பக்கம் இறங்கியது. ஜனவரி 28இல், ரெங்கத்துக்குத் தெற்கே லாயாங்-லாயாங்கில், 9ஆம் இந்திய டிவிஷன் தளபதி பார்ஸ்டோ பலியானார்.

பிப்ரவரி 13இல் ஆண்டர்சனுக்கு விருது அறிவிப்பு வந்தது. 15இல் சிங்கப்பூர் வீழ்ந்தது. பெயர் அரசிதழில் ஏறிய இரண்டாம் நாளே அவர் கைதி. பிறகு அவரைப் பர்மாவுக்கு, ஜப்பானியர் சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே போட்ட ‘மரண ரயில்’ பாதை வேலைக்குக் கொண்டுபோனார்கள்.

இந்த இடத்தில் அவர் கதை நம் கதையோடு சேர்கிறது. 415 கிலோமீட்டர் நீண்ட அந்தப் பாதைக்கு, மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர்கள் போனார்கள். ஆசை காட்டியும் பிடித்தும் கூட்டிப் போனார்கள். காலராவிலும் பசியிலும் செத்தவர்களில் பெரும்பாலோருக்குத் தனிக் கல்லறை இல்லை, முழுமையான பெயர்ப் பட்டியலும் இல்லை.

ஆண்டர்சன் உயிரோடு திரும்பினார், நாடாளுமன்ற உறுப்பினரானார், 1988இல் மறைந்தார். அவர் வீரத்துக்கு அந்தச் சிலுவை தகும். ஆனால் அதே தண்டவாளத்தில் விழுந்த நம் ஆட்களுக்கு ஒரு தகரத் துண்டுகூடக் கிடைக்கவில்லை.

உங்கள் குடும்பத்தில் சயாமுக்குப் போன தாத்தா இருந்தால், அவர் பெயரையும் தோட்டத்தின் பெயரையும் எழுதி வையுங்கள். திரும்பி வராதவர் என்றால், அதையும் எழுதுங்கள். அவர்களுக்கு நாம் தரக்கூடிய பதக்கம் அதுதான்.