தேய்ந்த நகரும் காத்த வீடும்

நகரங்களின் வளர்ச்சியைப் பற்றி எழுதியோர் பலர். அவற்றின் தேய்வை ஆராய்ந்தோர் சிலரே. அச்சிலருள் முதன்மையானவர் இப்னு கல்தூன். 1377ஆம் ஆண்டில் உருப்பெற்ற ‘முகத்திமா’வில், மக்கள் குன்றிய நகரில் கைத்தொழில்கள் அருகிவிடும் என்றும், புதுக் கட்டடம் எழுப்புவோர் பாழ்மாளிகைகளின் கற்களையே பெயர்த்தெடுப்பர் என்றும் அவர் விளக்குகிறார். அவ்வாறு தேயும் நகரை எங்ஙனம் பேணுவது என்னும் வினா நம் காலத்திலும் எழுந்தது. அதற்கு விடை தேடிய நகரங்களுள் ஒன்று ஜெர்மனியின் லைப்சிக்.

அச்சுத் தொழிலுக்கும் வணிகச் சந்தைகளுக்கும் பெயர்பெற்ற அந்நகரில் 1930களின் தொடக்கத்தில் 7 இலட்சத்துக்கும் அதிகமானோர் வாழ்ந்தனர். போரும் நாட்டுப் பிரிவினையும் அத்தொகையைக் குறைத்தன. 1989இல் அது சுமார் 5,30,000. கிழக்கு ஜெர்மன் அரசு வாடகையை மிகக் குறைவாக நிறுத்திவைத்திருந்தமையால், பழுதுபார்க்கவும் பணம் போதவில்லை. நகர ஓரத்துக் கிரூனாவில் கான்கிரீட் அடுக்குமாடிகள் எழ, உள்நகரின் பழைய வீடுகள் கூரை ஒழுகி நின்றன. 1990இல் நாடு இணைந்தபின் ஆலைகள் மூடப்பட்டன. வேலை தேடி மேற்கே சென்றோர் பலர். வசதி படைத்தோர் நகர எல்லைக்கு அப்பால் புதுமனை புகுந்தனர். 1998இல் எஞ்சியோர் சுமார் 4,37,000. 2000 அளவில் ஏறத்தாழ 60,000 குடியிருப்புகள் ஆளின்றிக் கிடந்தன.

ஆள் குறைந்தால் நகரின் செலவும் குறையும் என எண்ணத் தோன்றும். ஆனால், தெருவின் பத்து வீடுகளுள் ஐந்து காலியானாலும் குழாயின் நீளம் குறைவதில்லை. அதன் செலவை எஞ்சிய ஐவரே சுமக்கின்றனர். ஓட்டம் குறைந்த குடிநீர் தேங்கிக் கெடுகிறது. சாக்கடையில் கசடு படிகிறது. அவற்றைக் கழுவவும் நல்ல நீரே செலவாகிறது.

லைப்சிக்கின் முன்னாள் மேயர் ஹின்ரிஷ் லேமன்-குரூபே தலைமையிலான குழு, கிழக்குப் பகுதியில் சுமார் 10 இலட்சம் குடியிருப்புகள் காலியாக உள்ளன என 2000இல் அறிவித்தது. 2002இல் தொடங்கிய அரசுத் திட்டம், இடிப்பதற்கும் புதுப்பிப்பதற்கும் நிதி வழங்கிற்று. கிரூனாவில் ஆயிரக்கணக்கான குடியிருப்புகள் தகர்க்கப்பட்டன. உள்நகரின் நூறாண்டு கண்ட வீடுகள் சிலவும் வீழ்ந்தன.

அதே காலத்தில் மென்மையான வழிகள் இரண்டும் தோன்றின. காலிமனையைச் சில ஆண்டுகளுக்குப் பொதுப் பசுவெளியாக விட்டுக்கொடுத்தவருக்கு நகராட்சி நிலவரிச் சலுகை அளித்தது. மனையின் உரிமை அவரிடமே இருந்தது. 2004இல் குடிமக்கள் அமைத்த சங்கமொன்று ‘காவல் வீடு’ என்னும் முறையைக் கண்டது. குடிபுகுவோர் வாடகை தரவேண்டியதில்லை. அன்றாடச் செலவுகளை ஏற்று, வீடு சிதையாமல் காத்தால் போதும்.

பின்னர் நிகழ்ந்தது பலரும் எதிர்பாராதது. 2019இல் லைப்சிக்கின் மக்கள்தொகை 6 இலட்சத்தை எட்டியது. இடையில் அண்டை ஊர்கள் இணைக்கப்பட்டதும் அதற்கு ஒரு காரணமே. எனினும் 2010க்குப் பிந்திய பெருக்கம் பெரிதும் புதிதாகக் குடியேறியோரால் வந்தது. பிள்ளைகள் இல்லையென்று பள்ளிகளை மூடிய நகரம் மீண்டும் பள்ளிகள் கட்டலாயிற்று, வாடகையும் ஏறிற்று. காக்கப்பட்ட வீடுகள் வந்தோரை ஏற்றன. இடிக்கப்பட்டவை திரும்பவில்லை.

எல்லா நகரங்களும் இவ்வாறு மீள்வதில்லை. அதே சாக்சனி மாநிலத்து ஹோயர்ஸ்வெர்டாவில் 1980களின் தொடக்கத்தில் 70,000 பேர் இருந்தனர். இன்று அதில் பாதியும் இல்லை. அங்கே இடிப்பைத் தவிர்க்க இயலவில்லை. எந்நகர் மீளும், எந்நகர் மீளாது என முன்னறிவோர் எவருமிலர். ஆதலின், மாற்ற இயலாத செயலை இறுதிக்கு ஒதுக்கி, மாற்றத்தக்கவற்றை முதலில் செய்வதே தேயும் நகருக்குத் திட்டமிடுவோர் கைக்கொள்ளத்தக்க முறை. பூட்டிய வீட்டின் திறவுகோல் எவரிடமேனும் இருந்தால், ஒருநாள் அதைத் திறக்கலாம்.