மூளைத்தண்டிலும் நடுமூளையிலும் ஒலி

காதில் விழுந்த ஒலி பெருமூளைப் புறணியை எட்டும் முன் கடந்து போகும் நரம்பணுத் தொகுதிகளின் தொடரே செவிவழி மூளைத்தண்டு. முகுளமும் பான்ஸும் சேரும் இடத்தில் தொடங்கி நடுமூளை வரை இது ஏறுகிறது. சத்தம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது, இரைச்சலுக்கு நடுவே பேச்சு எது என்ற கணக்கில் பெரும்பங்கு இங்கேயே நடந்துவிடுகிறது. இராப்பகலாக ஷிப்ட் முறையில் சுரங்கம் இரைச்சலோடு ஓடும் நெய்வேலியிலும், அதை ஒட்டிய வடக்குத்து போன்ற ஊர்களிலும் செவித்திறனைப் பற்றிப் பேசுவோர் காதோடு நின்றுவிடக் கூடாது.

உட்காதின் காக்ளியா ஒலியை அதிர்வெண் வாரியாகப் பிரிக்கிறது. ஒரு காதுக்குச் சுமார் 30,000 நரம்பிழைகள் அதை மூளைத்தண்டின் காக்ளியர் நியூக்ளியஸில் சேர்க்கின்றன. ஆர்மோனியக் கட்டைகள் போன்ற அந்த அதிர்வெண் வரிசை புறணி வரை குலைவதில்லை. ஆனால் வேலை இங்கே பிரிகிறது. சில செல்கள் ஒலி தொடங்கிய கணத்தை மட்டும் குறிக்கின்றன. சில அதிர்வின் நேரத்தைப் பிசகாமல் காக்கின்றன. முதுகுப்பக்கச் செல்கள், ஒலி மேலிருந்து வருகிறதா கீழிருந்தா என்று பிரித்தறிய உதவுகின்றன.

இரு காதுகளின் செய்தியும் முதன்முதலாகப் பெரிய அளவில் சந்திப்பது மேல் ஆலிவ் தொகுதியில். வடக்குத்தில் நெடுஞ்சாலையைக் கடக்க நிற்கும் ஒருவரை நோக்கி வலப்பக்கத்திலிருந்து லாரி வருகிறது என்று வைத்துக்கொள்வோம். இன்ஜினின் கனத்த உறுமல் வலக்காதை முதலில் எட்டுகிறது. ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர் ஓடுவதால், தலையைச் சுற்றி இடக்காதுக்குப் போகும் தாமதம் மிஞ்சிப் போனால் 0.7 மில்லி நொடிதான். அந்த நேர வேறுபாட்டை உள்பக்க ஆலிவ் அளக்கிறது. ஹாரனின் கூர்மையான பகுதியைத் தலையே மறைத்து இடக்காதில் மங்கலாக்குகிறது. அந்த அளவு வேறுபாட்டை வெளிப்பக்க ஆலிவ் பார்த்துக்கொள்கிறது. மனிதருக்கு 10 மைக்ரோ நொடி வேறுபாடுகூடத் தெரியும். ஒரு நரம்புத் துடிப்பே சுமார் 1 மில்லி நொடி நீடிக்கிறது என்னும்போது, அதில் நூறில் ஒரு பங்கை அளக்கும் இந்தத் திறனுக்கு உடலில் வேறு இணை சொல்வது கடினம். இதற்கென்றே அமைந்த இணைப்புகளில் ஒன்று, 1893-இல் ஹான்ஸ் ஹெல்ட் விவரித்த ராட்சத நரம்பு முனை. மூளையிலேயே மிகப் பெரிய நரம்பிணைப்புகளில் ஒன்று அது. நேர வேறுபாடு எப்படி இடமாக மாறுகிறது என்பதற்கு 1948-இல் லாயிட் ஜெஃப்ரஸ் ஒரு மாதிரி தந்தார். கூகை ஆந்தைக்கு அது பெரிதும் பொருந்திவந்தது. பாலூட்டிகளின் வழி வேறு என்ற வாதம் இன்றும் வலுவாக இருக்கிறது.

மேலேறும் பாதைகள் ஏறக்குறைய அனைத்தும் நடுமூளையின் கீழ்க்குன்றில் வந்து கூடுகின்றன. குளுக்கோஸை மிக அதிகமாகச் செலவிடும் மூளைப் பகுதிகளில் இதுவும் ஒன்று. 1978-இல் எரிக் நட்சன், மசகசு கோனிஷி இருவரும் ஆந்தையின் நடுமூளையில் வெளியின் வரைபடமே இருப்பதைக் காட்டினர். அங்கே ஒவ்வொரு செல்லும் ஒரு திசைக்கு உரியது.

இந்தப் பாதையைச் சோதிக்கும் முறைதான் மருத்துவமனைகளில் ‘பெரா டெஸ்ட்’ என்று வழங்குவது. ஜூவெட், வில்லிஸ்டன் இருவரும் 1971-இல் விரிவாக விளக்கியது. தூங்கும் குழந்தையின் நெற்றியிலும் காதுக்குப் பின்னாலும் மின்முனைகளை ஒட்டி, காதில் ‘டிக் டிக்’ ஒலியை ஆயிரக்கணக்கில் கொடுத்துச் சராசரி எடுக்கிறார்கள். பத்து மில்லி நொடிக்குள் ஐந்து அலைகள் எழுகின்றன. முதல் அலை செவி நரம்பினுடையது. ஐந்தாவது நடுமூளையை நெருங்கும் இடத்தினுடையது. ஒலியைக் குறைத்துக்கொண்டே போனாலும் ஐந்தாம் அலை கடைசி வரை நிற்கும். பதில் சொல்லத் தெரியாத பச்சிளங் குழந்தையின் செவித்திறனை அதைக்கொண்டே மதிப்பிடுகிறார்கள்.

பிறந்த குழந்தைக்கு மஞ்சள் காமாலை கடுமையானால் சேதம் முதலில் தாக்கும் இடங்களில் காக்ளியர் நியூக்ளியஸும் கீழ்க்குன்றும் உண்டு. அப்போது காக்ளியா நலமாக இருந்தும் பெராவில் அலைகள் எழாமல் போகலாம். உட்காதின் எதிரொலியை மட்டும் பார்க்கும் சோதனையில் அந்தக் குழந்தை தேறிவிடும். கடும் காமாலைக்குச் சிகிச்சை பெற்ற குழந்தைக்குப் பெரா செய்யாமல் விடவே கூடாது. மூளைத்தண்டு சிகிச்சைக்கான இடமும்கூட. செவி நரம்பே இல்லாதவர்களுக்குக் காக்ளியர் இம்ப்ளான்ட் பயன்படாது. மின்முனையை மூளைத்தண்டிலேயே பொருத்த வேண்டும். 1979-இல் லாஸ் ஏஞ்சல்ஸில் வில்லியம் ஹவுஸ் தொடங்கிவைத்த இந்த அறுவை, சென்னையில் மோகன் காமேஸ்வரனின் மெட்ராஸ் இ.என்.டி. ரிசர்ச் பவுண்டேஷனில் செய்யப்பட்டிருக்கிறது.

நெய்வேலியின் திறந்தவெளிச் சுரங்கங்களில் பக்கெட் வீல் எக்ஸ்கவேட்டரும் கன்வேயர் பெல்ட்டும், அனல்மின் நிலையத்தில் டர்பைனும் இரைச்சலின் ஊற்றுகள். எட்டு மணி நேர வேலைக்கு 90 டெசிபல் என்பது இந்தியாவில் வழங்கும் வரம்பு. இரைச்சலால் வரும் செவித்திறன் இழப்பைச் சட்டமே தொழில்நோயாக ஏற்றிருக்கிறது. பேரொலி எழுந்தால் மூளைத்தண்டு நடுக்காதின் ஸ்டேபீடியஸ் தசையை இறுக்கி ஓரளவு காக்கிறது. ஆனால் திடீர் வெடிச்சத்தத்துக்கு அந்த இறுக்கம் பிந்திவிடும். தொடர் இரைச்சலில் தளர்ந்தும் போகும். 2009-இல் குஜாவா, லீபர்மன் இருவரும் எலிகளில் கண்டது இன்னும் கவலை தருவது: இரைச்சலுக்குப் பின் கேட்கும் வரம்பு பழைய நிலைக்கே திரும்பியும், செவி நரம்பு இணைப்புகளில் கணிசமான பகுதி நிரந்தரமாக அழிந்திருந்தது. மனிதரில் இதன் அளவு பற்றி ஆய்வாளர்கள் ஒருமித்த முடிவுக்கு வரவில்லை. இருந்தாலும், அமைதியான அறையில் ‘பீப்’ ஒலியைக் கேட்கவைக்கும் ஆடியோகிராம், டீக்கடைக் கூட்டத்தில் எதிரே இருப்பவர் பேச்சு பிடிபடவில்லை என்று சொல்லும் தொழிலாளியின் குறையைக் காட்டாமல் விட்டுவிட முடியும். இரைச்சலுக்கு நடுவே பேச்சைக் கேட்கவைக்கும் சோதனையையும் அதோடு சேர்த்தால்தான் அந்தக் குறை ஏட்டில் ஏறும்.