அலுவலகச் செய்தி: மடலும் உரையாடலும்



ஒரே நிறுவனத்தில் பணிபுரிவோர் தமக்குள் செய்தி பரிமாறிக்கொள்ள முன்பு சுற்றறிக்கையைப் பயன்படுத்தினர். பின்னர் மின்னஞ்சல் வந்தது. இன்று கணினியிலும் கைப்பேசியிலும் உடனுக்குடன் எழுதி உடனுக்குடன் மறுமொழி பெறும் உரையாடல் முறை பரவிவிட்டது. நம் நாட்டில் வாட்ஸ்அப்பைப் ‘புலனம்’ என்கிறோம். பள்ளியானாலும் பணிமனையானாலும், புலனக் குழு இல்லாத இடத்தைக் காண்பது அரிது. “மின்னஞ்சல் எதற்கு? குழுவில் போட்டுவிட்டால் போதாதா?” என்று கேட்போர் பலர். இதற்கு விடை காண, வரலாற்றைச் சற்றே திரும்பிப் பார்ப்போம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வணிக நிலையங்கள் பெரும்பாலும் சிறியவை. முதலாளி ஓர் அறையில் இருப்பார். கணக்கர் அடுத்த மேசையில் இருப்பார். வாய்ச்சொல்லே போதுமானதாக இருந்தது. இருப்புப்பாதைகள் நீண்டு வளர்ந்தபோது அந்த நிலை மாறியது. 1841-ஆம் ஆண்டு அக்டோபரில், அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் வெஸ்டர்ன் இரயில்ரோடு நிறுவனத்தின் இரண்டு வண்டிகள் நேருக்கு நேர் மோதின. இருவர் உயிரிழந்தனர், பலர் காயமுற்றனர். அதன் பின்னரே அந்நிறுவனம், யார் எதற்குப் பொறுப்பு, யார் யாருக்குக் கட்டளையிடலாம் என்பவற்றைத் தெளிவாக வரையறுத்தது. நிறுவனத்தின் உள்ளேயும் எழுத்து வேண்டும் என்பதை உலகம் உணரத் தொடங்கிய காலம் அது.

அதே நூற்றாண்டின் இறுதியில் தட்டச்சுப் பொறி, கார்பன் தாள், கோப்புகளை நிறுத்தி வைக்கும் அலமாரி ஆகிய மூன்றும் அலுவலகங்களில் இடம் பிடித்தன. யாருக்கு, யாரிடமிருந்து, நாள், பொருள் என்று தலைப்பிட்ட குறிப்புத் தாள் உருவாயிற்று. அதனை எளிதில் படி எடுக்கலாம், கோப்பில் வைக்கலாம், வேண்டும்போது தேடி எடுக்கலாம். இன்றைய மின்னஞ்சலின் தலைப்பகுதியில் நாம் காண்பதும் இதே அமைப்புத்தான். படி அனுப்புவதைக் குறிக்கும் ‘சிசி’ என்ற எழுத்துகள், கார்பன் தாளில் எடுத்த படியைத்தான் நினைவூட்டுகின்றன.

1971-ஆம் ஆண்டு ரே டாம்லின்சன் என்ற பொறியாளர், ஒரே அறையில் இருந்த இரு கணினிகளுக்கிடையே, அர்ப்பாநெட் வலையமைப்பின் வழியாக மின்மடல் அனுப்பிக் காட்டினார். ஆனால், உரையாடல் முறை இதற்கு நெடுங்காலம் பிந்தியது என்று எண்ண வேண்டா. இரண்டே ஆண்டுகளில், 1973-இல், இல்லினாய்ஸ் பல்கலைக்கழகத்தின் பிளேட்டோ கணினி அமைப்பில் ‘டாக்கோமேட்டிக்’ என்ற உரையாடல் திட்டம் இயங்கியது. ஒருவர் தட்டும் எழுத்து ஒவ்வொன்றும் மற்றவர் திரையில் அப்போதே தோன்றும். 1988-இல் பின்லாந்தின் ஊலு பல்கலைக்கழகத்தில் யார்க்கோ ஓய்க்காரினென் ‘ஐ.ஆர்.சி’ என்னும் குழு உரையாடல் முறையை அமைத்தார். ஆகவே மடலும் உரையாடலும் அண்ணன் தம்பிகள். ஒன்று பழையது, மற்றது புதியது என்று பிரித்துவிட இயலாது.

அப்படியானால் அலுவலகங்கள் மின்னஞ்சலை விட்டு விலக எண்ணியது ஏன்? மடல்கள் மிகுந்துவிட்டதே காரணம். 2011-இல் அட்டோஸ் என்ற பிரெஞ்சு நிறுவனத்தின் தலைவர் தியரி பிரெத்தோன், உள்அலுவல்களில் மின்னஞ்சலை அறவே ஒழிக்கப் போவதாக அறிவித்தார். தம் ஊழியருக்கு நாளொன்றுக்குச் சராசரி 200 மடல்கள் வருகின்றன. பயனுள்ளவை பத்தில் ஒன்றே என்பது அவர் கூறிய காரணம்.

அதே காலத்தில் டைனி ஸ்பெக் என்ற சிறு நிறுவனம் ‘கிளிட்ச்’ எனும் கணினி விளையாட்டை உருவாக்கிக்கொண்டிருந்தது. அதன் ஊழியர் வெவ்வேறு நகரங்களில் இருந்தமையால், ஐ.ஆர்.சி. வழியே பேசிக்கொண்டனர். அதில் ஒரு குறை இருந்தது: அப்போது இணைப்பில் இல்லாதவருக்குச் செய்தி கிடைக்காது. எனவே செய்திகளைச் சேமிக்கவும் தேடவும் தாமே வழி செய்துகொண்டனர். விளையாட்டு வெற்றி பெறவில்லை, 2012-இல் மூடப்பட்டது. கைவசம் மிஞ்சிய அந்த உரையாடல் கருவியே 2013-இல் ‘ஸ்லாக்’ என்ற பெயரில் வெளிவந்தது. 2021-இல் சேல்ஸ்ஃபோர்ஸ் நிறுவனம் அதனை ஏறத்தாழ 2,770 கோடி அமெரிக்க டாலருக்கு வாங்கியது. உரையாடல் அலுவலகத்திற்கு ஏற்றதானது விரைவினால் மட்டுமன்று. பேசியது நிலைத்திருக்கவும், தேடினால் கிடைக்கவும் வழி ஏற்பட்ட பிறகே அது அலுவலகக் கருவியாயிற்று.

நிலைத்திருக்கும் எழுத்தின் மதிப்பை 1986-ஆம் ஆண்டு நிகழ்ச்சி ஒன்று நமக்கு விளக்கும். ஈரானுக்கு மறைவாக ஆயுதம் விற்ற செய்தி அம்பலமானபோது, அமெரிக்க வெள்ளை மாளிகையின் அதிகாரிகளான ஆலிவர் நார்த்தும் ஜான் பாயின்டெக்ஸ்டரும் தம் கணினி மடல்களை ஆயிரக்கணக்கில் அழித்தனர். ஆனால், காப்பு நாடாக்களில் படிகள் இருந்தன. 1987-இல் வெளிவந்த டவர் குழு அறிக்கைக்கு அம்மடல்கள் முக்கியச் சான்றாயின.

உரையாடலும் இந்தப் பொறுப்பிலிருந்து தப்ப இயலாது. கூகுள் நிறுவனத்தின் உள்உரையாடல்களில் பல 24 மணி நேரத்தில் தாமே அழியும்படி அமைக்கப்பட்டிருந்தன. வழக்கு நடக்கும்போது அவற்றைக் காக்கத் தவறியது குற்றம் என்று 2023 மார்ச்சில் கூட்டரசு நீதிபதி ஜேம்ஸ் டொனாட்டோ தீர்ப்புரைத்தார். பேச்சைப் போல் தோன்றினாலும் அலுவலக உரையாடல் ஆவணமே என்பது இதன் பொருள்.

நம் தோட்டத்து வாழ்வை அறிந்தவர்களுக்கு இது புரியாத செய்தியன்று. விடியற்காலைப் பெரட்டில் வேலை வாய்ச்சொல்லால் பகிரப்படும். கங்காணி சொன்னதும் ஆட்கள் நிரைக்குப் போய்விடுவர். விரைவான முறைதான், ஆனால் மாதக் கடைசியில் சம்பளத்தைத் தீர்மானித்தது அந்தச் சொல்லன்று, கிராணியின் செக்ரோலில் விழுந்த பெயரே. பெரட்டும் வேண்டும், செக்ரோலும் வேண்டும். ஒன்று மற்றொன்றின் வேலையைச் செய்யாது.

மற்றொன்றையும் நாம் கருத வேண்டும். மடல் காத்திருக்கும், உரையாடலோ கதவைத் தட்டிக்கொண்டே இருக்கும். இரவு பத்து மணிக்குக் குழுவில் வரும் செய்தியைப் பார்க்காதவர் கடமை தவறியவராகக் கருதப்படும் நிலையும் உண்டு. பிரான்சு நாடு, 50 அல்லது அதற்கு மேற்பட்ட ஊழியரைக் கொண்ட நிறுவனங்கள் வேலை நேரத்திற்குப் பின் தொடர்பைத் துண்டித்துக்கொள்ளும் உரிமை குறித்து ஊழியருடன் பேச வேண்டும் என்று சட்டம் இயற்றியது. அது 2017 சனவரி முதல் நாள் நடப்புக்கு வந்தது.

வரலாறு காட்டும் வழி எளியது. “கூட்டம் எந்த அறையில்?”, “சாவி யாரிடம்?” என்பன போன்று இன்றே முடிந்துவிடும் செய்திக்கு உரையாடலே ஏற்றது. நாளை ஒருவர் தேடி வரக்கூடிய செய்திக்கு மடல் வேண்டும். விடுப்பு, சம்பளம், பணி மாற்றம், பொறுப்பு ஒப்படைப்பு யாவும் இவ்வகையின. குழுவில் பேசி முடிவெடுத்தாலும், அன்றே அதனை நான்கு வரியில் மடலாக எழுதி உரியவர்களுக்கு அனுப்பிவிடுவது நன்று. அந்த நான்கு வரி, எழுதியவருக்கும் பாதுகாப்பு. பின்னால் அந்த நாற்காலியில் அமரப் போகிறவருக்கும் வழிகாட்டி.

குறிப்பாக, கீழ்நிலையில் பணிபுரியும் நம் இளைஞர்கள் இதனை மனத்திற் கொள்ள வேண்டும். “அன்றைக்குக் குழுவில் சொன்னார்களே” என்பது, நூற்றுக்கணக்கான செய்திகளுக்கடியில் புதைந்து போகும். நாளும் பொருளும் குறித்த மடல், கேட்டபோது எடுத்துக் காட்ட நம் கையில் இருக்கும்.