ஒழுகலில் தொடங்கிய கதை

சங்கக் கூட்டத்தில் பராமரிப்பு நிதி என்றதும் "இப்போ என்ன அவசரம்?" என்று ஒரு குரல் கேட்கும். உங்களுக்கும் அப்படித் தோன்றியிருக்கலாம். அமெரிக்காவில் ஒரு குடியிருப்பின் வரலாற்றைப் படித்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

மயாமிக்கு அருகே, சர்ஃப்சைட் கடற்கரையில் 1981-ல் எழுந்தது 'சேம்ப்லைன் டவர்ஸ் சவுத்'. மொத்தம் 136 வீடுகள். 1974-ல் மயாமியில் ஒரு அலுவலகக் கட்டடம் இடிந்து 7 பேர் இறந்ததால், 40 ஆண்டு ஆன கட்டடங்களைப் பரிசோதிக்க வேண்டும் என்ற விதி அங்கே வந்திருந்தது. அதற்குத் தயாராக, 2018-ல் சங்கம் ஒரு பொறியாளரை அழைத்தது.

அவர் அறிக்கை தெளிவாக இருந்தது. நீச்சல் குளத் தளத்துக்கு வாட்டம் இல்லை. தண்ணீர் வடியாமல் தேங்குகிறது. வாட்டர் ப்ரூஃபிங் பழுதாகிவிட்டது. அதன் கீழே உள்ள கான்கிரீட் ஸ்லாப் மோசமாகச் சேதமடைந்திருக்கிறது. மதிப்பீடு சுமார் 90 லட்சம் டாலர்.

பிறகு நடந்தது நமக்குப் பழக்கமானதுதான். செலவைப் பற்றி வாக்குவாதம். 2019-ல் நிர்வாகிகளில் பெரும்பாலோர் ராஜினாமா. 2021 ஏப்ரலில் மதிப்பீடு 1.5 கோடி டாலராக உயர்ந்தது. வீட்டுக்கு 80,000 டாலர் முதல் 3 லட்சத்துக்கும் மேல். ஜூலை 1 முதல் பணம் கட்ட வேண்டும். ஜூன் 24 அதிகாலையில் கட்டடத்தின் ஒரு பகுதி சரிந்தது. 98 பேர் உயிரிழந்தனர்.

தாமதம் மட்டுமே காரணமல்ல. குளத் தளத்தின் வடிவமைப்பே போதிய வலுவில்லாதது என்று ஆய்வாளர்கள் கண்டனர். அதன்மேல், மூலத் திட்டத்தில் இல்லாத செடித் தொட்டிகளும் மணலும் தரைக்கற்களும் பின்னாளில் சேர்ந்திருந்தன. அழகுக்காகச் செய்தவைதான், ஆனால் பாரம்.

2022-ல் புளோரிடா சட்டம் இயற்றியது. மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட மாடிகள் கொண்ட அடுக்ககங்களை 30 ஆண்டில், பிறகு 10 ஆண்டுக்கு ஒருமுறை பரிசோதிக்க வேண்டும். முக்கியப் பழுதுகளுக்கான சேமிப்பு நிதியை உறுப்பினர்கள் வாக்களித்துத் தள்ளிவைப்பதையும் அந்தச் சட்டம் தடுத்தது.

இதில் நமக்கு வேலை இருக்கிறது. கார் பார்க்கிங் கூரையில் ஈரம், வெள்ளை உப்புப் பூத்தல், துருக்கறை தெரிந்தால் தேதியோடு படம் எடுத்துச் சங்கத்துக்கு அனுப்புங்கள். பழைய டைல்ஸ் மேல் புது டைல்ஸ் ஒட்டும் முன், பால்கனியில் மண் நிரப்பும் முன், சுவரை உடைக்கும் முன் ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரைக் கேளுங்கள். கொத்தனார் சொல் மட்டும் போதாது. மொட்டை மாடி வாட்டர் ப்ரூஃபிங்குக்கு ஆண்டுதோறும் கொஞ்சம் ஒதுக்கினால், ஒரே நாளில் பெருந்தொகை கேட்க நேராது.

அடுத்த பொதுக்குழுவில் எழுந்து ஒன்றை மட்டும் கேளுங்கள்: நம் கட்டடத்தைப் பொறியாளர் கடைசியாகப் பரிசோதித்தது எப்போது?